நோய் வருமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்: தமிழ்நாட்டு அரசு மருத்துவச் சேவைகளுக்குப் புதியவர்களுக்கு

புதிதாக ஓர் ஊருக்குக் குடிவந்தால் முதல் வாரத்திலேயே பால் எங்கே, கேன் தண்ணீர் யாரிடம், எரிவாயு உருளைக்கு எந்த முகவர் என்று விசாரித்துவிடுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால், அங்கேயே ஐந்து வருடம் குடியிருப்பவர்கூடத் தயங்குகிறார். காய்ச்சலோ விபத்தோ வந்த பிறகு, பதற்றத்தில், யாரோ சொன்ன பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே எந்த வரிசையில் நிற்பது என்று புரிவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது.

வெளிமாநிலத்திலிருந்து திரும்பி வந்தவர்கள், கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்தவர்கள், இத்தனை காலம் தனியார் மருத்துவமனையை மட்டுமே அறிந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் துணையாகப் பல முறை அரசு மருத்துவமனைகளுக்குப் போய் வந்திருக்கிறேன். அதில் கற்றதில் முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறிமுகமாகிவிடுங்கள். மற்ற எல்லா வாசல்களும் அங்கிருந்துதான் எளிதாகத் திறக்கின்றன.

முதலில்: எது எங்கே இருக்கிறது

அரசு மருத்துவம் படிப்படியாக மேலே போகும் ஏணி போன்றது. அடியில் இருப்பது துணை சுகாதார நிலையம். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. கிராம சுகாதார செவிலியர் அங்கே இருப்பார். ஊரில் அவரை நர்ஸம்மா என்று கூப்பிடுவார்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு பல அலைச்சல்கள் மிச்சமாகும்.

அதற்கு மேலே ஆரம்ப சுகாதார நிலையம், ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒன்று. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகம் எல்லாம் அங்கே உண்டு. நகரங்களில் இதே வேலையை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும் நலவாழ்வு மையமும் செய்கின்றன. நலவாழ்வு மையங்கள் காலையிலும் மாலையிலும் இரண்டு வேளை இயங்குவதால், வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுக்காமலே காட்டிவிட்டு வரலாம்.

அடுத்தது வட்ட மருத்துவமனை, அதற்கடுத்து மாவட்டத் தலைமை மருத்துவமனை, உச்சியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் வரலாறு 1664இல் தொடங்குகிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்குகிறது. கிண்டியில் 2023 ஜூனில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை இதயம், சிறுநீரகம், மூளை நரம்பியல் போன்ற உயர் சிகிச்சைகளுக்கானது. மதுரையில் ராஜாஜி மருத்துவமனை. இவை எல்லாம் நல்ல இடங்கள்தாம். ஆனால் சளிக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அங்கே போய் நின்றால் உங்களுக்கும் கஷ்டம், உங்களுக்குப் பின்னால் நிற்கும் புற்றுநோயாளிக்கும் கஷ்டம்.

முதல் வருகை

ஒரு வேலைநாள் காலையில் ஆதார், குடும்ப அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், ஒரு நோட்டு ஆகியவற்றுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஓ.பி. (புறநோயாளி) சீட்டு போடும் இடத்தில் பெயர், வயது, கைப்பேசி எண் கேட்பார்கள். சீட்டுக்கும் மருத்துவருக்கும் மருந்துக்கும் பணம் கிடையாது. முப்பது வயதைக் கடந்தவர் என்றால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் உண்டு. கூச்சப்பட்டு இதைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டவர்கள் முற்றிய நிலையில் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம் இருப்பது உறுதியானால், உங்கள் பெயரில் பதிவு செய்து மாதாமாதம் மாத்திரை தருவார்கள். நடமாட முடியாத முதியவர் என்றால் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். களப்பணியாளர் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பார். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதே திட்டத்தில் அடக்கம்.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டை எளிமையாக இருக்கிறது, 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கிறது என்பதற்காக அவற்றை மட்டமாக நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மாநிலம் முழுவதற்கும் மருந்துகளை மொத்தமாக வாங்குகிறது. வாங்கிய மருந்தின் மாதிரிகள் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து உங்கள் ஊருக்கு வருகின்றன. இந்த ஏற்பாட்டைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றியிருக்கின்றன. அந்த அட்டையை நம்பிச் சாப்பிடுங்கள்.

பல நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு. அங்கே காட்டினால், ஏற்கெனவே சாப்பிடும் ஆங்கில மருந்துகளை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அவசரம் என்றால்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்றவற்றை மறந்தாலும் இது நினைவில் இருக்க வேண்டும்.

108 என்ற எண் 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இயங்குகிறது. அழைப்பும் இலவசம், வண்டியும் இலவசம். அழைத்தவுடன் அழுகையையும் பதற்றத்தையும் ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்து மூன்றே செய்திகளைச் சொல்லுங்கள்: எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம் எது. கோவில், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று ஏதாவது ஒன்று. பிறகு நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். தொடர்பைத் துண்டிக்காதீர்கள். ஒருவர் தெருமுனையில் போய் நின்றால் வண்டி தடுமாறாமல் வந்து சேரும்.

நெஞ்சுவலி, இடது கையில் பரவும் வலி, வியர்வை, மூச்சுமுட்டல் என்றால் 'வாயுப் பிடிப்புதான்' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு என்று மருத்துவர் கருதினால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரைகளை ஒரே தடவையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாடின் எட்டு. இரத்தம் மேலும் உறைந்து அடைப்பு பெருகாமல் தடுத்து, போய்ச் சேரும் வரை நேரம் வாங்கித் தரும் மருந்துகள் இவை. வீட்டில் நீங்களாகக் கொடுக்க வேண்டாம், மருத்துவர் பார்த்தே கொடுக்க வேண்டும்.

வாய் கோணுகிறது, ஒரு கை தொங்கிவிட்டது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதம். உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பலன் தருவதற்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், எந்த நாட்டவராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே வரம்புக்கு உட்பட்டுச் செலவை ஏற்கிறது. தனியார் மருத்துவமனைகளும் இதில் இருக்கின்றன. முன்பணம் கேட்டால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, படுக்கவைத்தே கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டிய அவசியமும் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கிற்கும் ஒரே முறிவு மருந்துதான். நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஊசி இலவசம். அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை. இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை என்பதால் கெஞ்சிக் கேட்கிறேன், நான்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அவசரம் இல்லாத சந்தேகங்களுக்கும் ஆலோசனைக்கும் புகாருக்கும் 104. மனம் தளர்ந்துபோன நேரத்தில் பேச 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அறிவுரை சொல்லாமல் அருகில் உட்கார்ந்து இந்த எண்ணை அழுத்திக் கொடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற நோய்களுக்குப் போவது போலவே சீட்டு எடுத்துப் போகலாம்.

கர்ப்பமும் குழந்தையும்

நாள் தள்ளிப்போனதும் நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுவது நல்லது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போது தரும் பதிவு எண்ணை மக்கள் இன்றும் பிக்மி எண் என்றே சொல்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் காட்டுகிறவர்களுக்கும் இந்த எண் வேண்டும். பின்னால் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது இதைக் கேட்பார்கள். ஊர் மாறி வந்தவர்கள் பழைய ஊரில் எடுத்த எண்ணைக் கொண்டுவந்து புதிய இடத்தில் காட்டுங்கள், மறுபடி புதிதாகப் போட வேண்டியதில்லை.

வசதி குறைந்த குடும்பத்துப் பெண்ணுக்கு, பத்தொன்பது வயது நிரம்பியிருந்தால், முதல் இரண்டு பிரசவத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்கிறது. ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக மொத்த மதிப்பு 18,000 ரூபாய். பணம் தவணைகளாகத் தாயின் வங்கிக் கணக்கில் விழும். கணக்கு அவர் பெயரில், ஆதாரோடு இணைந்ததாக இருக்க வேண்டும். மாமியார் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால் நடக்காது. பிரசவம் முடிந்து தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி வரும்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பிறந்தவுடன், ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில், ஒன்பது மாதம் முடிந்ததும், ஒன்றரை வயதில் என்று வரிசையாக உண்டு. தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவாகும் நிமோகாக்கல் தடுப்பூசியும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் இங்கே இலவசம். அட்டையைத் தொலைக்காமல், கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு அட்டை: இதைத்தான் ஒத்திப்போடுகிறோம்

என் மாமாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்றார்கள். அரசு காப்பீட்டில் செய்துவிடலாம் என்றும் சொன்னார்கள். அட்டையை எடுத்துப் பார்த்தால் அதில் மாமாவின் பெயர் இல்லை. அவர் வேறு மாவட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கியிருந்தார்கள், திரும்பச் சேர்க்கவே இல்லை. பெயர் சேர்ப்பு, வருமானச் சான்று, மறுபடி பதிவு என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் மூன்று வாரம் போயிற்று. ஓர் அலுவலகத்தில் ஒரே கையெழுத்துக்கு நான்கு முறை வரச் சொன்னார்கள். அந்த மூன்று வாரமும் அத்தை தூங்கவில்லை.

அதனால் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும். செய்ய வேண்டியவை இவை: குடும்ப அட்டையில் எல்லாருடைய பெயரும் இருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய் ஆய்வாளரிடமோ வருமானச் சான்று வாங்குங்கள். இரண்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். புகைப்படம் எடுத்துப் பதிவு செய்து எண் தருவார்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசித்தால் உரிய சான்றோடு சேரலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் தொழிற்சாலை, கடை ஊழியர்கள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். இருந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகமும், சென்னையில் கே.கே. நகர் போன்ற இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உங்களுக்கும் குடும்பத்துக்கும் உரியவை. பணம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே தெரியாமல் கடன் வாங்கி வைத்தியம் பார்த்தவர்களை அறிவேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு காலை

மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் பரிந்துரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும். அதை வைத்து எந்தக் கிழமைகளில் அந்தப் பிரிவின் புறநோயாளி நேரம் என்று முன்னதாகவே விசாரித்துவிடுங்கள். பெரும்பாலும் காலைதான். ஏழரை மணிக்கே போய்விட்டால் பதிவு வரிசையில் முன்னால் நிற்கலாம். இரத்தப் பரிசோதனை இருக்கக்கூடும் என்பதால் நீரிழிவு இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு போகலாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், கையில் ஏதாவது சாப்பிட வைத்திருங்கள்.

ஒருவர் வரிசையில் நிற்கவும் ஒருவர் நோயாளியோடு இருக்கவும் இரண்டு பேராகப் போவதே வசதி. சக்கர நாற்காலியோ ஸ்ட்ரெச்சரோ தள்ளுவதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நிலைய மருத்துவ அலுவலரிடம் போய்ச் சொல்லுங்கள், அவருடைய அறை எங்கே என்று கேட்டாலே பல இடங்களில் காரியம் நடந்துவிடும். நடக்கவில்லை என்றால் 104.

மருத்துவர் பேசும் நேரம் குறைவு. கேட்க வேண்டியதை முந்தின இரவே நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: இது என்ன நோய், எத்தனை நாள் மருந்து, எப்போது மறுபடி வர வேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும். நான்கு கேள்வி போதும். புரியாவிட்டால் செவிலியரிடம் மறுபடி கேளுங்கள். அவசரத்திலும் நின்று விளக்கிய செவிலியர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

உள்நோயாளியாகச் சேர்த்தால் பாய், போர்வை, தட்டு, தண்ணீர்ப் பாட்டில், கைப்பேசி மின்னேற்றி இவற்றை எடுத்துப் போங்கள். நோயாளிக்கு உணவு உண்டு, கூட இருப்பவர் வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும். நேர்ந்துவிடக் கூடாத ஒன்று நேர்ந்துவிட்டால், உடலை ஊருக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு. 155377 என்ற எண்ணில் அழைக்கலாம். துக்கத்தில் இருப்பவர்களிடம் தனியார் வண்டிக்காரர்கள் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன், அதனாலேயே இந்த எண்ணைக் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

வீடு திரும்பிய பிறகு

டிஸ்சார்ஜ் சீட்டு இல்லாமல் வார்டை விட்டு வெளியே வராதீர்கள். அதன் நகலை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால், பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிய மாத்திரைகளில் பலவற்றை அங்கேயே மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். அங்கே இல்லாத மருந்துக்கு மாநில அரசுத் திட்டக் கடையான முதல்வர் மருந்தகத்தையோ மத்திய அரசுத் திட்டக் கடையான மக்கள் மருந்தகத்தையோ கேட்டுப் பாருங்கள், வெளிக் கடையைவிட விலை குறைவு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் முழுக்க இலவசம், சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவியும் வங்கிக் கணக்கில் வரும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது போலத் தெரியும். அப்போது நிறுத்தினால் அடுத்த முறை இதே மருந்து கேட்காது. ஆறு மாதமும் முடிக்க வேண்டும்.

எல்லாச் சீட்டுகளையும் தேதி வாரியாக ஒரே பையில் போட்டு, அந்தப் பை எங்கே தொங்குகிறது என்பதை வீட்டில் உள்ள எல்லாருக்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும்கூடக் காட்டிவையுங்கள். பையின் மேலேயே 108, 104, நர்ஸம்மாவின் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.